எலியின் நுரையீரலும் கரிசலின் மூச்சும்

கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் சாலையிலிருந்து விலகி உள்ளே செல்லும் ஒரு சிற்றூர் என் தாயார் பிறந்த ஊர். வானம் பார்த்த கரிசல் நிலம். பருத்தி எடுப்பு முடிந்ததும் காய்ந்த பருத்திமாரைப் பிடுங்கி வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைப்பார்கள். அடுப்புக்கு அதுதான் விறகு. அது தீர்ந்தால் சீமைக்கருவேல முள். என் சித்தி அந்த அடுப்பின் முன் ஐம்பது ஆண்டுகள் அமர்ந்திருந்தார். பீடியோ சுருட்டோ அவர் தொட்டதில்லை. வீட்டில் புகைபிடிப்பவரும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இருமல் தொடங்கியது. எக்ஸ்ரே படத்தில் ஒரு நிழல் தெரிந்தது. சளியில் காசநோய்க் கிருமி தென்படவில்லை. ஆயினும் காசநோய்க்கான மருந்து தொடங்கப்பட்டது. ஆறு மாதங்கள் தவறாமல் உட்கொண்டார். எடை கூடவில்லை, இருமல் குறையவில்லை. ஏழாவது மாதம் உறவினர் ஒருவர் வற்புறுத்தி வெளியூருக்கு அழைத்துச் சென்று சி.டி. ஸ்கேன் எடுத்தபோது, அது நுரையீரல் புற்றுநோய் என்பதும், முதுகெலும்பு வரை பரவிவிட்டது என்பதும் தெரியவந்தன. அதற்குப் பிறகு அவர் நான்கு மாதங்கள்தான் இருந்தார்.

எந்த மருத்துவரையும் குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர் என்னும் நிலையில், நெஞ்சுப் படத்தில் நிழலைக் கண்ட மருத்துவர் முதலில் காசநோயை நினைப்பது இயல்பு. ஆனால், ஆய்வகங்களில் சுண்டெலியின் நுரையீரலை எவ்வாறு படம் பிடிக்கிறார்கள் என்று அண்மையில் படித்தபோது சித்தியின் நினைவு என்னை விடவில்லை. இருபத்தைந்து கிராம் எடையுள்ள ஓர் உயிரின் நெஞ்சுக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவிலான கட்டியைக் கண்டறியும் அறிவியல் நம்மிடம் இருக்கிறது. நாற்பது கிலோ எடையுள்ள ஒரு கிராமத்துப் பெண்ணின் நெஞ்சில் இருந்த பெரிய கட்டி ஏழு மாதம் காசநோய் என்ற பெயரில் வளர்ந்தது. இந்த இரண்டுக்கும் இடையிலான தொலைவைப் பற்றியதே இக்கட்டுரை.

சுண்டெலியின் நுரையீரலைப் படம் பிடிப்பது எளிதன்று. மனிதர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகிறார்; சுண்டெலி நூறு முறைக்கும் மேல். அதன் இதயம் நிமிடத்துக்கு ஐந்நூறு, அறுநூறு முறை துடிக்கிறது. 'மூச்சை அடக்குங்கள்' என்று அதனிடம் சொல்ல இயலாது. ஆகவே மயக்க மருந்து கொடுத்து, மூச்சின் தாளத்தை உணர்கருவியால் கவனித்து, ஒவ்வொரு சுவாசத்திலும் நெஞ்சு அசையாமல் இருக்கும் கணத்தில் மட்டும் கதிரைச் செலுத்திப் படமெடுக்கிறார்கள். மருத்துவமனை சி.டி. கருவியின் சிறு வடிவமான மைக்ரோ சி.டி. இவ்வாறு ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரையுள்ள நுட்பங்களைக் காட்டுகிறது.

இன்னொரு முறை மின்மினிப் பூச்சியிடமிருந்து வந்தது. மின்மினியை ஒளிரச் செய்யும் நொதிக்குரிய மரபணுவைப் புற்றுச் செல்லுக்குள் பொருத்தி, அச்செல்களைச் சுண்டெலியின் உடலில் வளர விடுகிறார்கள். பிறகு அந்த நொதி வினைபுரிவதற்கான வேதிப்பொருளை ஊசி வழியே செலுத்தினால், இருட்டுப் பெட்டிக்குள் வைத்த எலியின் நெஞ்சிலிருந்து மெல்லிய ஒளி வெளிப்படும். மிகக் குளிர்விக்கப்பட்ட கேமரா அதைப் பதிவு செய்யும். கட்டி வளர்ந்தால் ஒளி கூடும். மருந்து வேலை செய்தால் ஒளி மங்கும். எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் ஆகியவற்றின் சிறு வடிவங்களும் உண்டு. நவி மும்பையின் கார்கரில், டாடா நினைவு மையத்தைச் சேர்ந்த ஆக்ட்ரெக் நிறுவனத்தில் சிறுவிலங்குகளுக்கான இத்தகைய படப்பிடிப்பு வசதி இயங்கி வருகிறது.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். முன்பெல்லாம் கட்டி எவ்வாறு வளர்கிறது என்று அறிய, குறிப்பிட்ட வாரங்களில் ஒவ்வொரு குழு எலிகளைக் கொன்று நுரையீரலை அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஐந்து கட்டங்களில் பார்க்க வேண்டும், ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எலிகள் என்றால் ஐம்பது எலிகள். இன்று அதே பத்து எலிகளை ஐந்து முறை படமெடுத்தால் போதும். எண்ணிக்கை குறைகிறது, ஒரே எலியின் கட்டியைத் தொடக்கம் முதல் பின்தொடர்வதால் விடையும் துல்லியமாகிறது. திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்க மருந்தும் கதிரியக்கமும் எலியைப் பாதிக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. அதனால்தான் எத்தனை முறை படமெடுக்கலாம் என்பதே ஆய்வுத் திட்டத்தின் ஒரு முக்கியமான முடிவாகிறது.

இப்படங்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த கதையும் உண்டு. 2001-இல் அமெரிக்காவில் டைலர் ஜாக்ஸ் தலைமையிலான குழுவினர், 'கே-ராஸ்' என்னும் மரபணுவில் மாற்றம் ஏற்படுத்திய சுண்டெலிகளுக்கு மனிதருடையதைப் போன்றே நுரையீரல் கட்டி தோன்றுவதைக் காட்டினர். இந்த மரபணுவின் புரதத்தை எந்த மருந்தாலும் பிடிக்க முடியாது என்று பல்லாண்டுகள் கருதப்பட்டது. 2021 மே மாதம் அதன் ஒரு வகை மாற்றத்துக்கு எதிரான முதல் மருந்தான சோட்டோராசிபுக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. 2006-இல் வேறு ஆய்வகங்கள் 'ஈ.ஜி.எஃப்.ஆர்.' மரபணு மாற்றம் கொண்ட சுண்டெலிகளை உருவாக்கின. குறிவைத்துத் தாக்கும் மாத்திரையைக் கொடுத்ததும் நுரையீரலை நிறைத்திருந்த கட்டி சுருங்குவதை எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டின. புகைபிடிக்காதவர்களிடம், அதிலும் ஆசியப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இந்த மாற்றமே. என் சித்திக்கு அது இருந்ததா என்பதை நான் அறியேன். அந்தச் சோதனையைச் செய்து மருந்தைத் தேர்ந்தெடுக்கும் காலத்தை நோய் எங்களுக்கு விட்டுவைக்கவில்லை.

அவ்வாறெனில் கரிசலின் அடுப்புப் புகையைப் பற்றி எலிகள் ஏதேனும் சொல்லியிருக்கின்றனவா? சொல்லியிருக்கின்றன. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஷுவான்வெய் என்னும் மலைப்பகுதி உண்டு. அங்கே புகைபிடிக்கும் பழக்கமே இல்லாத பெண்களிடம் நுரையீரல் புற்றுநோய் மிக அதிகமாக இருந்தது. வீட்டுக்குள் புகைபோக்கியின்றி எரிக்கப்பட்ட நிலக்கரியே காரணம் என்ற ஐயம் எழுந்தது. 1980-களில் சீன ஆய்வாளர்கள் எலிகளையும் சுண்டெலிகளையும் அத்தகைய புகையைச் சுவாசிக்கச் செய்தனர். நிலக்கரிப் புகையில் இருவகை விலங்குகளுக்கும் நுரையீரல் புற்றுநோய் பெருமளவில் தோன்றியது. விறகுப் புகையில் சுண்டெலிகளுக்குக் கூடியது, எலிகளுக்குத் தோன்றவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2006-இல் கூட்டிய நிபுணர் குழு, வீட்டில் எரிக்கும் நிலக்கரியின் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்றும், விறகு முதலியவற்றின் புகை அநேகமாக உண்டாக்கக்கூடும் என்றும் வகைப்படுத்தியது.

அந்தக் கதை எலியோடு முடியவில்லை. ஷுவான்வெய் வீடுகளில் புகைபோக்கியுடன் கூடிய அடுப்புகள் வைக்கப்பட்டன. அவ்வாறு மாற்றிய வீடுகளில் பிற்காலத்தில் நுரையீரல் புற்றுநோய் கணிசமாகக் குறைந்ததை 2002-இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. ஐயம் மக்களிடம் பிறந்தது, விலங்கில் சோதிக்கப்பட்டது, தீர்வு மீண்டும் மக்களின் சமையலறைக்கு வந்தது. விலங்காய்வு நியாயம் பெறுவது இந்த மூன்றாவது படியில்தான்.

எலி சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது என்பதற்கும் சான்றுகள் உண்டு. கல்குவாரியிலும் கிரஷரிலும் பறக்கும் சிலிகா தூசு மனிதருக்கு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என 1997-இல் அதே முகமை அறிவித்தது. அத்தூசைச் சுவாசித்த எலிகளுக்குக் கட்டி வந்தது, சுண்டெலிகளுக்கு வரவில்லை. சுண்டெலியை மட்டும் சோதித்திருந்தால் கல் உடைக்கும் தொழிலாளிக்கு ஆபத்து இல்லை என்று எழுதியிருப்போம். சிகரெட்டின் கதை இன்னும் கசப்பானது. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் பிரிட்டனின் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்தே காட்டிவிட்டனர். ஆனால் மூக்கால் மட்டும் மூச்சுவிடும் எலிகளுக்குப் புகையைச் செலுத்தி நுரையீரல் கட்டியை உண்டாக்குவது பல பத்தாண்டுகள் கடினமாக இருந்தது. 'விலங்கில் நிரூபிக்கப்படவில்லையே' என்பது புகையிலை நிறுவனங்களுக்கு வசதியான வாதமாயிற்று. எலியின் நுரையீரல் தெளிவாக இருப்பதைக் காட்டி மனிதரின் சாவை மறைக்க முடியும் என்பதை வரலாறு ஒருமுறை நமக்குக் காட்டியிருக்கிறது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். விலங்கில் சோதிக்காமல் ஒரு பொருளைத் தொழிலுக்குள் கொண்டுவந்தால் சோதனை நடக்காமல் போவதில்லை. அது தொழிலாளியின் உடலில் நடக்கிறது. தீப்பெட்டியோடு வாழும் கோவில்பட்டி வட்டாரத்துக்கு இது புதிய செய்தி அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைப் பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சி செய்த ஐரோப்பியத் தொழிலாளர்களின் தாடையெலும்பு அழுகி உதிர்ந்தது. 1888-இல் லண்டனில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1906-இல் பெர்னில் கூடிய நாடுகள் அதைத் தடை செய்ய உடன்பட்டன. இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீப்பெட்டித் தடைச் சட்டம் 1913-இல் வந்தது. தீங்கு கண்ணுக்குத் தெரிந்த பிறகும் பல்லாண்டுகள் தாடைகளை விலையாகக் கொடுத்தே அந்தப் பாடம் பெறப்பட்டது.

இன்றைய பாதுகாப்புத் தீக்குச்சியில் வெள்ளைப் பாஸ்பரஸ் இல்லை. ஆனால் குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம் ஆகியவற்றோடு பொட்டாசியம் டைகுரோமேட் சேர்க்கப்படுவதுண்டு. அது ஆறிணைதிறக் குரோமியத்தைக் கொண்ட சேர்மம். அவ்வகைச் சேர்மங்கள் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1990-லேயே வகைப்படுத்தப்பட்டுவிட்டது. தீப்பெட்டித் தொழிலாளர்க்கெல்லாம் புற்றுநோய் வரும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு தூசு, எத்தனை ஆண்டு, எவ்வழியாக உடலுக்குள் செல்கிறது என்பதைப் பொறுத்தே ஆபத்து அமையும். அந்த அளவைக் கணக்கிட வேண்டும் என்பதே கோரிக்கை. நூற்பாலையின் பஞ்சுத் தூசை எடுத்துக்கொள்வோம். அது மூச்சிறைப்பு நோயைத் தருகிறது. ஆனால் ஷாங்காய் ஜவுளித் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில், பஞ்சுத் தூசிலுள்ள பாக்டீரிய நச்சுக்கு அதிகம் ஆட்பட்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே காணப்பட்டது. தூசு எல்லாம் ஒன்றல்ல. ஊகத்தால் அச்சுறுத்துவதும், ஊகத்தால் ஆறுதல் சொல்வதும் தொழிலாளிக்கு ஒரே அளவு தீங்கானவை.

எலியின் உயிரைப் பற்றியும் ஒரு சொல். கரிசல்காட்டில் வளை தோண்டி வெள்ளெலி பிடித்து உண்ட மண்ணில் பிறந்தவனுக்கு இந்தக் கரிசனம் எதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். பசிக்காக ஒன்றைக் கொல்வது வேறு; விடை கிடைக்காத கேள்விக்காக நூறைக் கொல்வது வேறு. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு பிரிட்டானிய அறிஞர்கள் மூன்று விதிகளை வகுத்தனர்: இயன்றால் விலங்குக்கு மாற்று காண்க, எண்ணிக்கையைக் குறைக்க, வேதனையைத் தணிக்க. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், 1998-ஆம் ஆண்டு விதிகளும் ஒவ்வோர் ஆய்வு நிறுவனமும் அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும் என்கின்றன. 2022 டிசம்பரில் அமெரிக்காவும், 2023-இல் இந்தியாவும் புதிய மருந்துகளை விலங்கல்லாத முறைகளிலும் சோதிக்கலாம் எனச் சட்டத்தையும் விதிகளையும் திருத்தின. மனித நுரையீரல் செல்களைச் சிறு சில்லில் வளர்த்துச் சோதிக்கும் முறை வளர்ந்து வருகிறது. இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், பல மாதங்களில் ஒரு கட்டி தோன்றி, இரத்தக் குழாய்களை இழுத்துக்கொண்டு, வேறு உறுப்புக்குப் பரவுவதை முழுமையாகக் காட்டும் சில்லு இன்னும் வரவில்லை. அதுவரை எலி தேவைப்படும். ஆகவேதான் கேள்வியைச் சரியாகத் தேர்ந்தெடுக்கும் கடமை நமக்கு இருக்கிறது.

இங்கே கோவில்பட்டியே ஒரு நல்ல முன்னுதாரணம். நஞ்சை நிலத்தில் விளையும் உண்மை கரிசலில் விளையாது என்று உணர்ந்துதான் 1901-இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. மானாவாரிக்கேற்ற பருத்தியும் சோளமும் கம்பும் இந்த மண்ணிலேயே சோதிக்கப்பட்டன. பயிருக்கு நாம் அளித்த அந்த மரியாதையைப் பயிரிடுபவரின் நுரையீரலுக்கு அளிக்கவில்லை. பருத்திமார்ப் புகை, சீமைக்கருவேலக் கரிமூட்டத்தின் புகை, தீப்பெட்டி மருந்துத் தூசு ஆகியவை இந்த வட்டாரத்தின் கேள்விகள். பாஸ்டனிலோ ஷாங்காயிலோ உள்ள ஆய்வகம் இவற்றைத் தானாக எடுத்துக்கொள்ளும் என எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

நோயைக் கண்டறிவதிலும் இதே நிலைதான். 2020-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 72,500 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் ஏற்பட்டதாகவும், 66,000 பேருக்கு மேல் இறந்ததாகவும் பன்னாட்டு மதிப்பீடு கூறுகிறது. நோயுற்றோர் எண்ணிக்கையும் இறந்தோர் எண்ணிக்கையும் இவ்வளவு நெருங்கியிருப்பதற்குக் காலந்தாழ்ந்த கண்டறிதல் ஒரு பெருங்காரணம். நமது அரசுத் திட்டங்களில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கே மக்கள் அளவிலான முன்பரிசோதனை உண்டு. அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, குறைந்த கதிரளவு சி.டி. ஸ்கேன் நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகளை 20 விழுக்காடு குறைத்ததாக 2011-இல் தெரிவித்தது. ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டோர் நெடுங்காலம் மிகுதியாகப் புகைபிடித்தோர். என் சித்தி அந்த வரையறைக்குள் வந்திருக்கவே மாட்டார். தைவான் 2022-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் குடும்பத்தில் நோய் உள்ளவர்களையும் சேர்த்தது. தன் மக்களைப் பார்த்துத் தன் வரையறையை வகுத்தது.

அனைவருக்கும் சி.டி. எடுங்கள் என்று நான் கோரவில்லை. பழைய காசநோய்த் தழும்புகள் நிறைந்த நாட்டில் அது தேவையற்ற அச்சத்தையும் திசுச் சோதனைகளையும் பெருக்கும். கையில் உள்ள ஏற்பாடுகளைக் கொண்டே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, சளியில் கிருமி உறுதியாகாமல் காசநோய் மருந்து தொடங்கப்பட்ட ஒருவருக்கு இரண்டு மாதங்களில் முன்னேற்றம் இல்லையெனில், சி.டி. ஸ்கேனுக்கு அனுப்புவது கட்டாய விதியாக வேண்டும். ஆறு மாதமும் முடியட்டும் என்று காத்திருப்பது, புற்றுநோயாக இருந்தால், ஆயுளைக் கரைப்பதாகும். இரண்டாவது, 2024 டிசம்பரில் தொடங்கிய நூறு நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தின்போது கையடக்க எக்ஸ்ரே கருவிகள் ஊர்களுக்குள் சென்றன. அதே படத்தைக் கட்டிக்காகவும் பார்க்கச் சொல்வதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். பயிற்சியும், ஐயத்துக்குரியவரை அடுத்த நிலைக்கு அனுப்பும் வழியும் போதும்.

மூன்றாவது, புற்றுநோய்ப் பதிவேட்டில் நோயாளியின் வயது, ஊர் ஆகியவற்றோடு அவர் செய்த தொழிலும் வீட்டு அடுப்பின் எரிபொருளும் பதிவாக வேண்டும். நான்காவது, விலங்குப் படப்பிடிப்பு வசதிகள் பொதுச் சொத்தாக, தென்மாவட்டக் கல்லூரியின் ஆய்வாளரும் விண்ணப்பித்துப் பயன்படுத்தத்தக்கவையாக அமைய வேண்டும். அங்கே கிடைக்கும் முடிவு எதிர்மறையாக இருந்தாலும் வெளியிடப்பட வேண்டும். இல்லையேல் அதே எலிகள் அதே கேள்விக்காக மீண்டும் ஒருமுறை சாகும். ஐந்தாவது, எல்லாவற்றுக்கும் முன்பாக, அடுப்பு. மாநில அரசின் இலவச எரிவாயு அடுப்பும், 2016-இல் வந்த உஜ்வாலா திட்டமும் பல வீடுகளுக்குச் சிலிண்டரைக் கொண்டு சேர்த்தன. அது தீர்ந்தபின் மறுபடி நிரப்பப் பணமில்லாத மாதங்களில் பருத்திமார் மீண்டும் அடுப்புக்கு வருகிறது. மறுநிரப்பலுக்கான உதவியும், விறகடுப்பு எரியும் வீட்டுக்கு ஒரு புகைபோக்கியும் எந்த ஸ்கேனைவிடவும் மலிவானவை.

சென்ற மாசியில் ஊருக்குப் போயிருந்தேன். சித்தியின் வீட்டில் இப்போது அவருடைய மருமகள் சமைக்கிறார். சிலிண்டர் மூலையில் இருந்தது. அவசரத்துக்கு மட்டும் என்றார். வெந்நீரும் சோறும் வெளியில் விறகடுப்பில்தான். அவர் குனிந்து ஊதியபோது புகை முகத்தில் அடித்தது, இருமிவிட்டுச் சிரித்தார். எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில், மயங்கிக் கிடக்கும் ஒரு சுண்டெலியின் மூச்சை ஒரு கருவி எண்ணிக்கொண்டிருக்கும். அந்த எலி கொடுக்கும் விடை இந்த வீட்டின் புழக்கடை வரை வந்து சேர வேண்டும். அதற்கான பாதையை அமைப்பது அறிவியலாளரின் வேலை மட்டுமன்று. அரசின் வேலை, நம் அனைவரின் கோரிக்கை.